உன்னிச்சை வயலில் அள்ளிய மண்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

என் பெரியப்பா உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்கிறவர். சில வருடங்களுக்கு முன், பெரும்போக விதைப்புக்குச் சற்று முந்தி, பல்கலைக்கழக மாணவர் இருவர் அவர் வயலுக்கு வந்தார்கள். நாலு மூலையிலும் நடுவிலும் மண்வெட்டியால் கிண்டி, பொலித்தீன் பைகளில் மண்ணை அள்ளி, ஒவ்வொரு பைக்குள்ளும் பென்சிலால் எழுதிய துண்டுக் கடதாசியைப் போட்டுக் கட்டினார்கள். என்ன நெல், எத்தனை மூடை, பசளை எவ்வளவு என்று வினாக்கொத்தும் நிரப்பிக்கொண்டார்கள். பெரியம்மா தேத்தண்ணி கொடுத்தா. "மண்ண அள்ளிக்கொண்டு போனாங்க மனே, மறுகா ஒருத்தரும் வரல்ல" என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்வார்.

அந்த மண் எங்கே போனது என்று தேடிப் போனேன். அது ஆய்வேடாகி, தடித்த அட்டை போட்டு, ஒரு நூலகத்தின் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. வெளியாருக்கு இரவல் இல்லை. போட்டோக்கொப்பி எடுக்கவும் விடவில்லை. ஒரு பகல் முழுக்க இருந்து இரண்டு பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்தேன். எந்த நூலகம் என்பது முக்கியமில்லை, இந்த அலுமாரி எங்கும் இருக்கிறது.

மட்டக்களப்பில் 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. நாற்பது வருடங்களுக்கு மேலாக இந்த மண்ணின் வாவி, நெல், மாடு, கூத்து, இடப்பெயர்வு எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்போது ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் வைக்கும் எண்ணிமக் களஞ்சியங்கள் இருக்கின்றன. அவற்றில் பல இயங்கும் டிஸ்பேஸ் என்ற மென்பொருளை எம்ஐடி நூலகமும் எச்பி நிறுவனமும் சேர்ந்து 2002இல் இலவசமாகவே வெளியிட்டன. கருவி கையில் இருக்கிறது. ஆய்வைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள்தான் தயங்குகிறார்கள். விரிவுரையாளர்களும் மாணவர்களும் என்னிடம் சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை: "ஓப்பன் அக்சஸ் என்றால் ஆயிரக்கணக்கில் டொலர் கட்டவேணும்."

இதை நம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. நேச்சர் சஞ்சிகை ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் காசில்லாமல் வாசிக்கும்படி, வெளியிட 9,500 யூரோ கேட்கும் என்று 2020 இறுதியில் அறிவித்தபோது உலகமே அதைப் பேசியது. ஆனால் அது ஒரு வழி மட்டும்தான். 2002 பெப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கைதான் திறந்த அணுக்கம் என்ற சொல்லை உலகுக்குப் பழக்கியது. அது இரண்டு வழிகளைச் சொன்னது. எழுதியவரே தன் கட்டுரையைத் திறந்த களஞ்சியம் ஒன்றில் சேர்ப்பதுதான் முதலாவதாகச் சொல்லப்பட்ட வழி. சொந்தப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் சேர்க்க எழுதியவருக்கும் செலவில்லை, வாசிக்கிறவருக்கும் செலவில்லை. சஞ்சிகை வழியிலும் எல்லாரும் எழுதியவரிடம் காசு கேட்பதில்லை. 2008இல் தொடங்கிய இலங்கை இணையவழிச் சஞ்சிகைத் தளத்தில் நம் நாட்டுச் சஞ்சிகைகள் பல திறந்தே கிடக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் 'அக்ரிஈஸ்ட்' அவற்றில் ஒன்று.

நம்பிக்கை: "சஞ்சிகைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. இனி அது என்னுடையதில்லை."

பாதி உண்மை. அதனால்தான் இது பிடிவாதமாக நிற்கிறது. பதிப்பகம் அச்சுக்கோத்து, தன் இலச்சினையும் பக்க எண்ணும் போட்டு வெளியிடும் பீடிஎஃப் கோப்பைப் பெரும்பாலும் நாம் ஏற்றக்கூடாது. ஆனால் அதற்கு முந்திய ஒரு பிரதி இருக்கிறது. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களை எல்லாம் செய்து, சஞ்சிகை "ஏற்றுக்கொண்டோம்" என்று எழுதிய அன்று உங்கள் மடிக்கணினியில் இருந்த அந்த வேர்ட் கோப்பு. விடயம் ஒன்றுதான், வடிவமைப்பு மட்டும் வேறு. அந்தப் பிரதியைக் களஞ்சியத்தில் வைக்கப் பெரிய பதிப்பகங்கள் பல அனுமதிக்கின்றன. எமரால்டும் சேஜும் காத்திருக்கவே சொல்வதில்லை. ஸ்பிரிங்கர் பொதுவாக 12 மாதம் பொறுக்கச் சொல்கிறது. எந்தச் சஞ்சிகை எதை அனுமதிக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு தளமே இருக்கிறது. ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் நூலகர்கள் அதை நெடுநாளாகப் பாவித்து வந்தார்கள். சஞ்சிகையின் பெயரைப் போட்டால் விதிகள் வரும்.

துயரம் என்னவென்றால், பலரிடம் அந்தக் கோப்பு இல்லை. கட்டுரை அச்சானதும் பழைய பிரதிகளை அழித்துவிடுகிறார்கள். கணினி மாறும்போது போய்விடுகிறது. பென்டிரைவ் பழுதாகிறது. ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியாக ஒரு பெயரில் சேமித்து நூலகருக்கு அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

ஆய்வேட்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பை ஆக்கிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை. ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை அது நீடிக்கும். களஞ்சியத்தில் வைப்பதால் அந்த உரிமை கைமாறுவதில்லை. வாசிக்கக் கொடுக்கும் அனுமதியைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள்.

நம்பிக்கை: "இணையத்தில் போட்டால் களவெடுப்பார்கள்."

களவு நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது எளிது என்று யோசித்துப் பாருங்கள். அலுமாரியில் பூட்டிய ஆய்வேட்டிலிருந்து ஒருவர் முப்பது பக்கத்தை எழுதி எடுத்தால், அதைக் கண்டுபிடிக்க உலகத்தில் எந்த வழியும் இல்லை. களஞ்சியத்தில் உள்ளதைக் களவெடுத்தால் டேர்னிட்டின் போன்ற ஒப்பீட்டு மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். எந்தத் திகதியில் யார் சேர்த்தார் என்ற பதிவும் அங்கேயே நிற்கும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்பிரதியைப் பொதுவில் வைக்க விதி செய்தது. அந்த ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா என்ற களஞ்சியத்தில் இன்றைக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகள். தமிழ்நாட்டில் சமர்ப்பித்த தமிழ் ஆய்வேட்டை நான் உன்னிச்சையில் இருந்து என் தொலைபேசியில் வாசிக்கிறேன். உன்னிச்சையைப் பற்றி எழுதியதைத்தான் வாசிக்க முடியவில்லை.

நம்பிக்கை: "ரிசேர்ச்கேட்டில் போட்டிருக்கிறேன், அது போதும்."

போடுங்கள், தவறில்லை. ஆனால் அது ஒரு தனியார் நிறுவனம். 2017இல் எல்செவியரும் அமெரிக்க வேதியியல் சங்கமும் அதன் மேல் வழக்குப் போட்டன. அந்தக் காலத்தில் ஏராளமான கட்டுரைகள் பொதுப் பார்வையில் இருந்து எடுக்கப்பட்டன. கூகுள் டிரைவ் இணைப்பு இன்னும் மோசம். பல்கலைக்கழகக் கணக்கு மூடினால் அதுவும் மூடும். களஞ்சியத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத முகவரி எண் உண்டு. தளம் வேறு சேவையகத்துக்குப் போனாலும் அந்த எண் புதிய இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

நம்பிக்கை: "களஞ்சியத்தில் கிடப்பது தரமில்லாதது."

களஞ்சியம் ஒரு அலுமாரி. தரம் அதில் வைக்கும் பொருளுடையது. ஆய்வேட்டைப் பரீட்சகர் பார்த்திருக்கிறார், கட்டுரையைச் சஞ்சிகையின் மதிப்பீட்டாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ நூறு வருடம் தீராதிருந்த புவாங்கரே ஊகத்துக்கான நிறுவலைக் கிரிகோரி பெரல்மான் 2002, 2003இல் ஆர்கைவ் என்ற திறந்த களஞ்சியத்தில் மட்டும்தான் வைத்தார், எந்தச் சஞ்சிகைக்கும் அனுப்பவில்லை. உலகம் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது.

நம்பிக்கை: "தமிழில் எழுதியதை யார் தேடி வாசிக்கப் போகிறார்கள்?"

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு மனம் நோகும். 2005இல் ஒரு சில தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகமும் சஞ்சிகையும் தேடி உலகமெங்கும் இருந்து வாசகர் வருகிறார்கள். கல்லடியில் விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்து மாணவர் வடமோடிக் கூத்தைப் பற்றி எழுதினால், அதை வாசிக்க ரொறொன்ரோவில் ஒரு அண்ணாவியாரின் பேரன் இருக்கிறான். கரடியனாற்றில் ஒரு விவசாயப் போதனாசிரியருக்கும் ஆயித்தியமலையில் ஒரு பாடசாலை ஆசிரியைக்கும் தேவைப்படுகிறது. வாசகர் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் போவதற்கு இரண்டு காரணங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒன்று பாமினி. இலங்கையில் நெடுங்காலம் தமிழ் ஆய்வேடுகளைப் பாமினி எழுத்துருவில் தட்டினார்கள், இன்றும் தட்டுகிறார்கள். திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பீ, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த ஆய்வேட்டைப் பீடிஎஃப் ஆக்கிக் களஞ்சியத்தில் ஏற்றிய பிறகும், கூகுளில் 'தமிழ்' என்று ஒருங்குறியில் தேடுகிறவருக்கு அது அகப்படாது. முழு ஆய்வேட்டையும் மாற்ற நேரமில்லை என்றால், தலைப்பையும் ஆய்வுச் சுருக்கத்தையும் திறவுச்சொற்களையுமாவது ஒருங்குறிக்கு மாற்றிப் படிவத்தில் இடலாம். இலவச எழுத்துரு மாற்றிகள் நிறைய இருக்கின்றன. சுருக்கத்தை மாற்ற ஐந்து நிமிடம் போதும், பிறகு ஒரு தரம் வாசித்துப் பிழை திருத்த வேண்டும்.

மற்றது தலைப்பு. "மட்டக்களப்பு மாவட்டத்தின் தெரிவுசெய்யப்பட்ட கிராம சேவகர் பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டது" என்று முடியும் தலைப்புகள் எத்தனை! எந்தப் பிரிவு? அந்தப் பெயர் உள்ளே நாற்பதாம் பக்கத்து அட்டவணையில்தான் இருக்கும். உன்னிச்சைக்காரன் ஒருவன் தன் ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. ஆங்கிலத்திலும் ஒவ்வொருவரும் உன்னிச்சையை ஒவ்வொரு மாதிரி எழுத்துக்கூட்டுகிறார்கள். ஆகவே திறவுச்சொற்களில் ஊர்ப்பெயரைத் தமிழில் போடுங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் போடுங்கள், வவுணதீவு என்று பிரதேச செயலகப் பிரிவையும் போடுங்கள். 'நீர் முகாமைத்துவம்' என்பதோடு 'வட்டவிதானை' என்றும், 'நிலவுடைமை' என்பதோடு 'போடியார்' என்றும் சேருங்கள். ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தேடுவார்கள்.

நம்பிக்கை: "திறந்த அணுக்கம் என்றால் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும்."

இல்லை. இந்தப் பிரதேசத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காணாமல் போனவர்களின் குடும்பங்களையும், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களையும் எத்தனையோ மாணவர் நேர்கண்டிருக்கிறார்கள். பெயரை மறைத்து, "மூன்று பிள்ளைகளின் தாய், கணவர் 1990இல் காணாமல் போனவர், கோயிலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார்" என்று எழுதினால் வெளியூர்ப் பரீட்சகருக்கு யாரென்று தெரியாது. ஊர் முழுக்கத் தெரியும். அந்த அம்மா பேசியது வந்த பிள்ளையை நம்பித்தான்.

களஞ்சியத்தில் இதற்கு இடம் இருக்கிறது. தலைப்பையும் சுருக்கத்தையும் திறந்து வைத்து, முழுக்கோப்பை இத்தனை வருடத்துக்கு மூடி வைக்கலாம். நேர்காணல் பின்னிணைப்பைக் கழற்றிவிட்டு மீதியைத் திறக்கலாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறவர் விண்ணப்பித்த பிறகு திறக்கலாம். எதை மூடுவது என்று ஒவ்வொன்றாக யோசித்து முடிவெடுக்கலாம். வயலில் எடுத்த மண்ணின் உப்புத்தன்மையை மூடி வைக்க ஒரு காரணமும் இல்லை.

நான் கையால் எழுதிவந்த இரண்டு பக்கங்களையும் குளக்கட்டில் இருந்து பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றில் அவர் வயலும் அயல் வயல்களும் அடங்கிய அட்டவணை. மற்றது அவற்றின் இருப்பிடத்தைக் காட்டும் படம், என் கோடுகள் கோணலாக இருந்தன. மண்ணைப் பற்றிய பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். தலையை ஆட்டினார். பிறகு கடதாசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, படத்தில் விரலை வைத்தார்.

"இது எங்கட கண்டமில்ல மனே. பேரை மாறிப் போட்டிருக்கிறாங்க. இது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

மேற்பார்வையாளர் பார்த்தது, பரீட்சகர் இருவர் பார்த்தது, பட்டம் கொடுத்தது. என் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்துப் பெரியப்பா அந்தப் பெயரைத் திருத்தி எழுதினார்.