போட்ட கேஸ் எங்கே போகிறது? - ஏ.சி. செலவும் வியாபாரியின் கணக்கும்

வியாபாரிகளாகிய நாம் கல்லாவில் நூறு ரூபா குறைந்தாலும் இரவு தூங்க மாட்டோம். எங்கே போனது என்று தேடுவோம். ஆனால் வருடா வருடம் ஏ.சி.க்குக் கேஸ் போடக் காசு கொடுக்கும்போது, போன வருடம் போட்ட கேஸ் எங்கே போனது என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வருடங்கள் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையையும், அதிலிருந்து படித்த பாடத்தையும் இந்த வாரம் எழுதுகிறேன்.

கல்முனையில் எனக்கு ஒரு சிறிய புடவைக்கடை இருக்கிறது. மேல்மாடியில் வீடு. கடையில் 18,000 பீ.ரீ.யூ. ஏ.சி. ஒன்று, வீட்டில் படுக்கையறைக்கு 12,000 பீ.ரீ.யூ. ஏ.சி. ஒன்று. கடை ஏ.சி. 2014 இல் வாங்கியது. 2021 இல் அதன் குளிர் குறைந்தது. ஊரில் இந்தத் தொழில் செய்யும் ஓர் இளைஞரைக் கூப்பிட்டேன். அவர் வெளி யுனிட்டைத் திறந்து பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார்:

"காக்கா, கேஸ் எரிஞ்சி முடியிற சாமான் இல்ல. எங்கயோ ஓட்ட இரிக்கி. அதத் தேடி அடைக்காமக் கேஸ் போட்டா, ஓட்ட வாளியில தண்ணி ஊத்துற மாதிரித்தான்."

ஓட்டையைத் தேடி அடைத்து, கேஸ் போட்டுத் தர 12,000 ரூபாவும் அரை நாளும் வேண்டும் என்றார். எனக்கு அரை நாள் கடையை மூட மனம் வரவில்லை. கேஸை மட்டும் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "அப்படிப் போட எனக்கு மனசில்ல காக்கா" என்று சொல்லி ஆயுதப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. வேறொருவர் வந்து அரை மணித்தியாலத்தில் கேஸ் போட்டு 9,000 ரூபா வாங்கினார். ஏ.சி. குளிர்ந்தது. நான் 3,000 ரூபா மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டேன்.

2022 இல் மீண்டும் கேஸ். டொலர் ஏறியிருந்ததால் 16,000 ரூபா. 2023 இல் மீண்டும் 18,000 ரூபா. மூன்று வருடத்தில் 43,000 ரூபா காற்றோடு போனது. 2024 ஏப்ரலில், பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, கொம்பிரசர் எரிந்தது.

புடவை வியாபாரிகளுக்கு அந்த நாட்களின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் ஏழு எட்டு உடுப்புகளைத் தெரிந்து மேசையில் வைத்தவர், "பிள்ளைக்கு வேர்க்கிது, பொறகு வாறன்" என்று சொல்லி எதிர்க்கடைக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை. அப்படி நான்கு இரவுகள். அந்த நட்டத்தை எந்த பில்லிலும் காண முடியாது.

ஏன் எரிந்தது?

ஏ.சி.க்குள் ஓடும் கேஸ், பெற்றோல் போன்று செலவாகும் பொருள் அல்ல. மூடிய செப்புக் குழாய்களுக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அறையின் வெப்பத்தை உள்ளே எடுத்து, வெளியே கொண்டுபோய் விடுகிறது. ஓட்டை இல்லையென்றால் ஏ.சி.யின் ஆயுள் முழுவதற்கும் முதலில் போட்ட கேஸே போதும்.

இன்னொரு விடயம், கொம்பிரசரைக் குளிரவைப்பதும் திரும்பி வரும் அதே கேஸ்தான். கேஸ் குறையும்போது அறை குளிர்வதில்லை. அறை குளிராததால் கொம்பிரசர் ஓயாமல் ஓடுகிறது. ஓயாமல் ஓடும் அதே நேரத்தில் அதற்குக் கிடைக்கும் குளிர்ச்சியும் குறைகிறது. நான் ஒவ்வொரு வருடமும் மூன்று நான்கு மாதங்கள் என் கொம்பிரசரை இப்படி வருத்தியிருக்கிறேன். அந்த மாதங்களில் மின்சார பில் ஏறியதற்கும் இதுவே காரணம். நான் மின்சார சபையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெட்கத்தை விட்டு அதே இளைஞரைக் கூப்பிட்டேன். பழையதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளி யுனிட்டின் குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறையோடு தூசு ஒட்டியிருந்ததைக் காட்டினார். கேஸோடு சிறிதளவு எண்ணெயும் குழாயில் ஓடும். எனவே ஓட்டை உள்ள இடத்தில் எண்ணெய் கசியும். 2021 இல் அவர் சொன்ன ஓட்டை அதுதான்.

திருத்துவதா, புதிது வாங்குவதா?

கொம்பிரசர் மாற்ற 110,000 ரூபா. புதிய இன்வேர்ட்டர் ஏ.சி. பூட்டும் கூலியுடன் 285,000 ரூபா. முதல் பார்வையில் திருத்துவதுதான் இலாபம். ஆனால் நாம் கணக்குப் பார்க்க வேண்டியது 285,000 ரூபாவுக்கு அல்ல. எப்படியும் 110,000 செலவாகத்தான் போகிறது. எனவே புதியதற்காக நாம் மேலதிகமாகப் போடும் முதல் 175,000 ரூபா. அந்த முதல் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதே கேள்வி.

பழைய ஏ.சி. மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.8 அலகு மின்சாரம் எடுத்தது. புதியது பூட்டிய பின் தனி மீற்றர் வைத்துப் பார்த்தேன், சராசரி 1.1 அலகு. வித்தியாசம் 0.7 அலகு. நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள் என்றால் 182 அலகு. ஓர் அலகு 40 ரூபா என்று கணக்குக்கு வைத்தால் மாதம் 7,280 ரூபா மிச்சம். 175,000 ரூபா இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். புதியது வாங்கினேன்.

அதே கிழமையில் வீட்டு ஏ.சி.யும் மக்கர் செய்தது. இது 2018 இல் வாங்கியது. ஒரு கப்பாசிற்றரும் சிறு கசிவும்தான் பிரச்சினை. திருத்த 18,000 ரூபா. "கடைக்குப் புதுசு போட்டாச்சி, வீட்டுக்கும் போடுங்களன்" என்றார் மனைவி. புதியது 190,000 ரூபா. மேலதிக முதல் 172,000. ஆனால் வீட்டில் இரவில் 5 மணித்தியாலம் மட்டும்தான் ஓடுகிறது. மணித்தியாலத்துக்கு 0.4 அலகு மிச்சம் என்றாலும் மாதம் 60 அலகுதான். 40 ரூபாப்படி 2,400 ரூபா. முதல் திரும்ப 6 வருடம் செல்லும். அலகு 60 ரூபா என்று பார்த்தாலும் 4 வருடம். வீட்டு ஏ.சி.யைத் திருத்தினேன். அது இன்றும் ஓடுகிறது.

ஒரே வாரம், ஒரே முதலாளி, இரண்டு வேறு முடிவுகள். ஏ.சி. எத்தனை வருடம் பழையது என்பதை விட, நாளுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

மின்கட்டணம் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெருமளவு ஏறியது. அதன் பிறகு குறைந்தும் ஏறியும் வந்திருக்கிறது. எனவே என் 40 ரூபாவை எடுக்காதீர்கள். உங்கள் கடைசி பில்லை எடுத்து வையுங்கள். வீட்டு பில் என்றால் கடைசிப் படியில் உள்ள அலகு விலையைப் போடுங்கள். மிச்சமாகும் அலகுகள் அந்தப் படியிலிருந்துதான் முதலில் குறையும்.

எந்தக் கேஸ் என்று பாருங்கள்

வெளி யுனிட்டில் ஒட்டியிருக்கும் பலகையில் கேஸின் பெயர் இருக்கும். ஆர்-22 என்று இருந்தால் கவனம் தேவை. ஓசோன் படையைப் பாதிப்பதால் மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் முழுவதும் இது படிப்படியாக நிறுத்தப்படுகிறது. இலங்கை போன்ற நாடுகள் 2025 ஆம் ஆண்டில் இவ்வகைக் கேஸின் பாவனையை அடிப்படை அளவிலிருந்து 67.5 வீதம் குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2030 இன் பின் பழைய இயந்திரங்களைத் திருத்துவதற்காகச் சொற்ப அளவே அனுமதி. இப்படிப்பட்ட ஏ.சி.க்குப் பெரிய செலவு செய்வது, உதிரிப்பாகம் வராத வாகனத்துக்கு எஞ்சின் மாற்றுவது போன்றது. என் கடை ஏ.சி.யும் ஆர்-22 தான்.

ஆர்-22 இயந்திரத்துக்கு ஆர்-410ஏ போடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஆர்-410ஏ ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் கூடிய அழுத்தத்தில் இயங்குவது. பழைய குழாயும் கொம்பிரசரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இப்போது பரவலாக வரும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக் கூடியது. அதைப் பயிற்சி உள்ளவர் மட்டுமே தொட வேண்டும்.

பெரியது வாங்கினால் நல்லதா?

ஒரு டன் ஏ.சி. என்றால் அதன் எடை என்று நினைப்பவர்கள் உண்டு. 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம்தான் ஒரு டன், அதாவது மணித்தியாலத்துக்கு 12,000 பீ.ரீ.யூ.

தேவைக்கு மேல் பெரியதை வாங்கினால் அறை சட்டென்று குளிர்ந்து கொம்பிரசர் நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. நமது கரையோர ஊர்களில் ஈரம்தான் பாதிப் புழுக்கம். குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். பெரியது வாங்கும் காசில் முதலில் கூரைத் தகட்டின் கீழ் சீலிங் அடியுங்கள், மேற்கு வெயில் விழும் கண்ணாடிக்குத் திரை போடுங்கள்.

நாம் செய்யக் கூடியவை

1. பில்டரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கழுவுங்கள். புடவைக்கடையில் நூல் தூசு அதிகம், அங்கே கிழமைக்கு ஒரு தடவை. இதற்கு யாருக்கும் கூலி கொடுக்கத் தேவையில்லை. பில்டர் அடைத்தாலும் குளிர் குறையும், உள் கொயிலில் ஐஸ் பிடிக்கும். அதையும் கேஸ் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு.

2. கடற்காற்றின் உப்பு வெளி யுனிட்டின் அலுமினியத் தகடுகளைத் தின்னும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கும்.

3. தண்ணீர் போகும் குழாயைப் பாருங்கள். அது அடைத்தால்தான் சுவரில் தண்ணீர் வடியும்.

4. வெளி யுனிட் உறுமிவிட்டு ஓடாமல் நின்றால் உடனே கொம்பிரசர் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். கப்பாசிற்றரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது சிறிய விலைச் சாமான்.

5. மின்சாரம் போய் வரும் ஊர்களில், வோல்ட்டேஜ் சரியான பின்னும் சில நிமிடங்கள் தாமதித்து மின்சாரம் விடும் பாதுகாப்புக் கருவியைப் பூட்டுங்கள்.

6. கேஸ் போட வருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஓட்டை எங்கே? நைட்ரஜன் அடித்து அழுத்தம் பார்த்தீர்களா? வெக்யூம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் எடுத்தீர்களா? கேஸை நிறுத்துப் போட்டீர்களா? இந்த நான்குக்கும் பதில் உள்ளவருக்குக் கூலியைக் குறைக்காதீர்கள்.

கடைசியாக, ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஏ.சி. வாங்கிய திகதி, கேஸின் பெயர், ஒவ்வொரு சேர்விசின் திகதி, செய்த வேலை, கொடுத்த காசு ஆகியவற்றை எழுதுங்கள். கேஸ் என்ற சொல் அந்தக் கொப்பியில் இரண்டாவது தடவை வந்தால், மூன்றாவது தடவைக்கு இடம் வைக்காதீர்கள்.

கொள்வனவு செய்யும்போது மலிவான சரக்கு எப்படி வாடிக்கையாளரை ஏமாற்றும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். அதே மலிவை நாமே வாடிக்கையாளராக நின்று வாங்குகிறோம். 3,000 ரூபா மிச்சம் பிடித்த எனக்கு, அந்தப் பெருநாள் வியாபாரம் போனது. இப்போது என் இரண்டு ஏ.சி.களையும் அந்த இளைஞர்தான் பார்க்கிறார். அவர் சொல்லும் கூலியைக் கொப்பியில் எழுதிவிட்டு அப்படியே கொடுக்கிறேன்.