அமெரிக்கக் கருங்கரடியும் நாட்டுப்புற மனையும்

இரு நண்பர் கானகத்தே வழிச்செல்லுங்கால் கரடியொன்று எதிர்ப்பட, ஒருவன் மரத்தின்மீது ஏறிக்கொண்டதும், மற்றவன் மூச்சடக்கிப் பிணம்போற் கிடந்து பிழைத்ததுமாகிய கதையை இளமையிற் படியாதார் நம்முள் இலர். நட்பின் இயல்பை உணர்த்துதற்கு அக்கதை தக்கதே. ஆயின், வட அமெரிக்காவின் மலைச்சாரல்களில் வீடு கட்டி வாழும் ஒரு குடும்பத்தார் அதனை நம்பி நடப்பராயின், அவ்விருவர் செயலும் அவர்க்குத் தீங்காகவே முடியும். அந்நாட்டுக் கருங்கரடி மரமேறுவதில் மனிதனினும் பன்மடங்கு வல்லது. தாக்க வந்த கருங்கரடியின்முன் பிணம்போற் கிடத்தலோ கூடவே கூடாதென்பது அவ்விலங்கினை ஆராய்ந்தோர் துணிபு. இது மக்கள் உயிரையும் கரடியின் உயிரையும் ஒருங்கே பற்றிய செய்தியாதலின், சிறிது விரித்து எழுதப் புகுந்தேன்.

கரடி என்னும் ஒரே பெயரால் நாம் வழங்குவன பல இனங்கள். சங்கப் புலவர் எண்கு என்றும் உளியம் என்றும் பாடியது, இருப்பை மரத்தையும் கறையான் புற்றையும் நாடித் திரியும் நம் மலைநாட்டுக் கரடியை. தாவீது தன் மந்தையைக் காக்கக் கொன்றதாகத் திருமறை கூறும் கரடி, சிரியா நாட்டுப் பழுப்புக் கரடி எனக் கொள்ளத்தகும். ஈண்டு யாம் கூறப்புகுந்தது இவ்விரண்டும் அன்று. அமெரிக்கக் கருங்கரடி அலாஸ்கா முதல் மெக்ஸிகோவின் வடபகுதிவரை பரவியுள்ளது. ஐக்கிய நாட்டில் ஏறத்தாழ 40 மாகாணங்களில் வாழ்கின்றது. ஆண் கரடி 150 முதல் 500 பவுண்டு வரை எடையுள்ளதாகும். பெண் அதனிற் சிறியது. பெயரைக் கொண்டு நிறத்தைத் துணிதல் கூடாது. மேற்கு மலைகளிற் பழுப்பும் இலவங்க நிறமும் உடையன பல உள. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரக் காடுகளில் வெண்ணிறம் உடையனவும் சில உள. 'வெள்ளைக் கருங்கரடி' என்னுந் தொடரை முரணுக்கு எடுத்துக்காட்டாக நம் இலக்கண வகுப்பிற் சொல்லலாம்!

இவ்விலங்கு மனையருகே வருவதற்குக் காரணம் அதன் வயிறே. குளிர்காலத்தில் அது குகையிலேனும் மரப்பொந்திலேனும் ஒடுங்கிக் கிடக்கும். குளிர் மிக்க வடபகுதிகளில் 7 திங்கள் அளவும் உண்ணாது, பருகாது, மலசலங் கழியாது கிடப்பதுண்டு. அவ்வொடுக்கத்தினிடையே, ஜனவரி மாத அளவில், பெண் கரடி குட்டிகளை ஈனுகின்றது. அவை பெரும்பாலும் இரண்டாகும். பிறக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு எடையுங் கொள்ளா. தான் ஒரு கவளமும் உண்ணாதிருந்தே தாய் அவற்றிற்குப் பாலூட்டுகின்றது. இத்தனைக்கும் முதலாவது, இலையுதிர்காலத்தில் அது தன் உடலிற் சேர்த்துக்கொண்ட கொழுப்பேயாகும். ஆகவே கோடையின் இறுதிமுதல் குளிர் தொடங்கும்வரை அதற்கு உண்ணுதலன்றி வேறு தொழிலில்லை. நாளொன்றிற்கு 20 மணிநேரம் அளவும் இரைதேடி, 20,000 காலரி அளவும் உண்ணும் என்பர். மனிதர் ஒருவருக்கு 2,000 அல்லது 2,500 காலரி போதும்.

காட்டில் இவ்வுணவை அஃது எவ்வாறு ஈட்டுகின்றது? ஓக் மரத்தின் காய்களையும், பீச்சு மரத்தின் கொட்டைகளையும், புதர்களிற் பழுக்கும் சிறு கனிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கியே ஈட்டுகின்றது. இவை பொய்த்துப்போகும் ஆண்டுகளும் உண்டு. அமெரிக்க நாட்டுப்புறத்து இல்லந்தோறும் பறவைகட்கென ஒரு விதைக்கூண்டு தொங்கவிடும் வழக்கம் உளது. அதில் 7 பவுண்டு சூரியகாந்தி விதை இருப்பின், அஃது ஏறத்தாழ 12,000 காலரிக்குச் சமமாகும். நாள் முழுதும் காட்டில் அலைந்து பெறுவதிற் பாதிக்கு மேற்பட்டது ஒரே கூண்டில், ஒரே இடத்தில், சில நிமிடங்களிற் கிடைக்கின்றது. கரடியின் மோப்பமோ ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் இதனை அறியவல்லது. இங்ஙனம் வரும் கரடியைப் பேராசை கொண்டதென்று பழிப்பார் உளர். யான் அதற்கு உடன்படேன். வீட்டுப் புறத்தே கிணறு இருக்க, நீருக்காக நெடுந்தொலைவிலுள்ள ஆற்றிற்குச் செல்பவரை நாம் அறிவுடையார் என்போமா?

ஒருமுறை உணவு கண்ட இடத்தைக் கரடி மறவாது. குட்டிகள் ஓராண்டிற்கும் மேலாகத் தாயோடு உடன்திரிந்தே எதனை உண்பது, எங்கே தேடுவது என்பவற்றைக் கற்கின்றன. தாய் காட்டிய பள்ளி குப்பைத்தொட்டியாயின், அவை கற்கும் பாடமும் அதுவே.

ஆதலின் கரடியை அடக்குவதினும் மனையை அடக்குவதே செய்யத்தக்கது. குப்பையைக் கரடி திறக்கவொண்ணாத பூட்டுடைய தொட்டியிலேனும், வலிய கதவுள்ள கொட்டிலிலேனும் வைத்தல் வேண்டும். வண்டி வந்து எடுத்துச் செல்லும் நாளின் காலையிலன்றி, முன்னிரவிலேயே தெருவில் வைத்தல் ஆகாது. கரடி விழித்துத் திரியும் திங்கள்களிற் பறவைக் கூண்டை இறக்கிவிடுதல் வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் இட்ட உணவின் எச்சத்தையும், முற்றத்தில் இறைச்சி வாட்டிய அடுப்பிற் படிந்த நெய்ப்பசையையும், ஆப்பிள் மரத்தடியில் உதிர்ந்து அழுகும் கனிகளையும் அவ்வப்போது நீக்குதல் வேண்டும். மோட்டார் வண்டியினுள் தின்பண்டம் வைத்து மறந்தவர் பலர், மறுநாட் காலையிற் கிழிந்த மெத்தையைக் கண்டு வருந்தியதுண்டு. கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்கக் கரடி அறியும். உட்புகுந்தபின் கதவு மூடிக்கொள்ளின், வெளியே வரத்தான் அறியாது.

தேன்பெட்டியும் கோழிக்கூடும் உடையார்க்கு இவை மட்டும் போதா. கரடி தேனை விரும்புவதை யாவரும் அறிவர். தேனீயின் புழுக்களை அதனினும் விரும்புவதைப் பலர் அறியார். பெட்டியை முற்றும் உடைத்தெறிவது அப்புழுவின் பொருட்டே. இதற்கு நல்ல காவல் மின்வேலி. ஆயினும் அதனை அமைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கரடியின் அடர்ந்த மயிர் மின்சாரத்தை உடலுக்குள் விடாது தடுக்கும். மூக்கோ நாவோ கம்பியிற் பட்டாலன்றி அதிர்ச்சி உறைக்காது. ஆதலின் 5,000 வோல்ட்டுக்குக் குறையாத விசையை ஏற்றி, கம்பியின்மீது பன்றிக்கொழுப்பையேனும் நிலக்கடலை மசியலையேனும் தடவிவைப்பதுண்டு. முதன்முறை மோந்து பார்க்கும்போதே கரடி பாடங் கற்றுக்கொள்ளும். வேலியைத் தாண்டுவதினும் அதன்கீழ் நுழைவதே அதன் வழக்கமாதலின், அடிக்கம்பி தரைக்கு மிக அண்மையில் இருத்தல் வேண்டும். இவ்வதிர்ச்சி நோவைத் தருவதேயன்றி உயிரைக் கொல்வதன்று.

பசித்து வந்த உயிர்க்கு உணவிடுதல் அறமென்று கேட்டு வளர்ந்த நமக்கு, இவையெல்லாம் ஈரமற்ற செயலாகத் தோன்றலாம். அங்கும் இரக்கமுடையார் சிலர் கரடிக்கு ரொட்டியும் பழமும் இட்டு, அஃது உண்பதைச் சாளரத்தின் வழியே கண்டு மகிழ்கின்றனர். நடப்பது யாது? கரடிக்கு மனிதன்பால் இருந்த அச்சம் நீங்குகின்றது. முற்றத்தில் உண்டது படிக்கட்டிற்கும், பின் சமையலறைக்கும் வருகின்றது. உணவிட்டவர் வீட்டிற்கு மட்டுமோ? உணவிடாதவர் வீட்டிற்கும் வருகின்றது. கதவை உடைத்து உட்புகப் பழகிய கரடியை வனவிலங்குத் துறையார் இறுதியிற் கொன்றுவிடுகின்றனர். கரடிக்கு உணவிடுதலைப் பல மாகாணங்கள் சட்டத்தாற் குற்றமாக்கியிருப்பது இதனாலேயே. பிடித்துத் தொலைவில் விட்டால் ஆகாதோ எனின், கருங்கரடி தன் இடத்தை நாடித் திரும்புவதில் வல்லது. 100 மைலுக்கு அப்பால் விடப்பட்டும் மீண்டு வந்தவை உள. மீளாதவை புதிய இடத்தில் பழைய தொழிலையே தொடங்குகின்றன. அன்றியும், ஒன்றைக் கொன்றாலும் கொண்டுசென்றாலும், தொட்டி திறந்தே கிடப்பின் அவ்விடத்திற்கு வேறொன்று வரும்.

ஒரு வீட்டார் மட்டும் விழிப்பாயிருத்தலாற் பயன் சிறிதே. கொலராடோ மாகாணத்து டுராங்கோ என்னும் ஊரில் 2011 முதல் 2016 வரை இதனை அளந்து பார்த்தனர். ஊரின் சில பகுதிகளிற் பூட்டுடைய தொட்டிகள் ஆயிரத்திற்கு மேல் வழங்கப்பட்டன. பிற பகுதிகள் ஒப்பு நோக்குதற்பொருட்டு முன்போலவே விடப்பட்டன. தொட்டி பெற்ற பகுதிகளிற் குப்பையால் நேர்ந்த தொல்லை, பெறாத பகுதிகளினும் 60 விழுக்காடு குறைந்திருந்தது. முற்றும் ஒழியாமைக்கு ஒரு காரணம் வியப்பானது: பூட்டுள்ள தொட்டியைப் பெற்றும் பூட்டாது விட்டவர் பலர்.

இனி, நேர்முகமாக எதிர்ப்படுங்காற் செய்வது யாதெனக் காண்போம். ஓடுதல் தீது; கரடி மணிக்கு 30 மைல் விரைவில் ஓடவல்லது. பின்னங்கால்களில் எழுந்து நிற்பது தாக்குதற்கன்று, நன்றாகப் பார்த்தற்கும் மோந்தறிதற்குமே. மூச்சைச் சீறி, பல்லைக் கடகடவென்று மோதி, தரையை அறைவதும் பெரும்பாலும் அதன் அச்சத்தின் குறியே. அது விலகிச் செல்ல வழிவிட்டு, நிமிர்ந்து நின்று, உரத்துப் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குதல் வேண்டும். வீட்டினுள் புகுந்திருப்பின் கதவுகளைத் திறந்து வைத்து, வாயிலை மறிக்காது நாம் அகலுதல் வேண்டும். குட்டிகள் மரத்திலிருப்பின் நாயைக் கட்டிவிட்டு உள்ளே சென்றுவிட்டாற் போதும். அமைதி உண்டானபின் தாய் அவற்றை இறக்கி அழைத்துச் செல்லும்.

குட்டிகளைப் பறிகொடுத்த கரடியை நீதிமொழிகள் சினத்திற்கு எல்லையாகக் காட்டுகின்றது. பழுப்புக் கரடிக்கு அஃது ஒக்கும். கருங்கரடித் தாயோ குட்டிகளை மரத்திலேற்றிவிட்டு, வெருட்டுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். கானடாவின் ஸ்டீபன் ஹெரரோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1900 முதல் 2009 வரை அலாஸ்கா உள்ளிட்ட ஐக்கிய நாட்டிலும் கானடாவிலும் காட்டுக் கருங்கரடிகளாற் கொல்லப்பட்டவர் 63 பேர். அந்நிகழ்ச்சிகளிற் பெரும்பாலன மனிதனை இரையாகக் கருதி வந்த கரடியின் செயல். அங்ஙனம் வந்தவற்றுள்ளும் பத்தில் ஒன்பதிற்கு மேல் ஆண் கரடிகளே. ஒலியின்றிப் பின்தொடரும் கரடியே அஞ்சத்தக்கது. இரையென்று கருதி வந்ததன்முன் அசையாது கிடத்தல், அதன் கருத்தை நாமே நிறைவேற்றுதலாகும். கல்லாலும் கழியாலும் முகத்திலும் மூக்கிலும் தாக்கி எதிர்த்தல் ஒன்றே வழி. மிளகாயின் காரத்தை அடைத்துப் பீறச்செய்யும் குப்பியை அந்நாட்டார் கையிற் கொண்டு செல்கின்றனர். மிளகாய் முதன்முதல் விளைந்ததும் அமெரிக்காவிலேயே அன்றோ!

நீலகிரிக்குச் செல்லும் நண்பர்க்கு ஒன்று கூறவேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களிற் தேயிலைத் தோட்டத்தருகே வீடுகளுக்கும் கோயில்களுக்கும் வரும் கரடி கருங்கரடியன்று. முன்னர்க் கூறிய எண்கே. உணவின் பொருட்டு வருதலில் இரண்டும் ஒன்றே; பலாப்பழத்தையும், கோயில் விளக்கிலுள்ள எண்ணெயையும் நாடி அது கதவுடைப்பதுண்டு. ஆதலின் மனைக்குக் கூறியவை அங்கும் பொருந்தும். நேர்முகத்திற் கூறியவை பொருந்தா. நம் கரடி மனிதனை இரையாகக் கருதுவதன்று. திடுக்கிட்ட நேரத்திற் பாய்ந்து, முகத்தையும் தலையையும் கிழித்துவிட்டுச் செல்வது. புதர் நெருங்கிய பாதையிற் பேசிக்கொண்டே நடந்து நம் வரவை முன்னறிவித்தல் வேண்டும். பாய்ந்துவிட்டால் எதிர்த்தலினும், குப்புறக் கிடந்து கைகளாற் பிடரியை மூடிக்கொள்ளுதலே நன்றென்று அதனை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். கதையிற் பிணம்போற் கிடந்தவன் அமெரிக்காவிற் பிழையான், நம் மலையிற் பிழைத்தாலும் பிழைப்பான். மரமேறியவனுக்கு இங்கும் உறுதியில்லை, எண்கும் மரமேறும்.