ஏஐ சொன்னா போதுமா? காரணம் கேளுங்க!

"முதியோர் ஓய்வூதியத்துக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு போன்ல ஏஐகிட்ட கேட்டேன். பட்டியலே போட்டுக் கொடுத்துடுச்சு!" இப்படிச் சொல்பவர்களை இப்போது எல்லா ஊரிலும் பார்க்கலாம். சரி, அந்தப் பட்டியலை நம்பி அலுவலகத்துக்குக் கிளம்பலாமா?

ஏஐக்கு உண்மையிலேயே தெரியுமா?

சாட்பாட் செயலிகள் ஏராளமான எழுத்துகளைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகியவை. அதனால் சரியான பதிலையும் தவறான பதிலையும் ஒரே தெளிவோடு சொல்லும். பழைய விதியும் வேறு மாநில விதியும் அதில் கலந்து வரலாம்.

காரணம் தெரியாத மதிப்பெண்

ஏஐ பதில் சொல்வதோடு நிற்பதில்லை. நம்மைப் பற்றிய முடிவுகளிலும் நுழைகிறது. நெதர்லாந்து வரித்துறை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டவர்களில் யாரைச் சந்தேகிப்பது என்று கணினி மூலம் மதிப்பெண் போட்டது. அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மதிப்பெண் கூடியது. ஏன் கூடியது என்பது கோப்பைப் பார்த்த அலுவலருக்கே தெரியாது. இந்த விவகாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடிப் பட்டம் சுமந்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டு, கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது.

நம்ம கையில் என்ன இருக்கு?

தமிழ்நாடு அரசு 2020-ல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, பாகுபாடின்மை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது.

அதைவிடப் பழைய கருவி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 4-வது பிரிவு. முடிவு மென்பொருளில் இருந்து வந்தது என்பதற்காக அந்தக் கடமை மாறிவிடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஏஐ தரும் பதிலுக்கு ஆதாரம் கேளுங்கள். பிறகு துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ சரிபாருங்கள்.

2. ஆதார் எண், ஓடிபி, வங்கி விவரங்களை சாட்பாட்டில் பதிவிடாதீர்கள்.

3. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் "சிஸ்டம் ஏத்துக்கல" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

4. காரணம் கிடைக்கவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

ஏஐயைப் பயன்படுத்துங்க, தப்பே இல்லை. ஆனா உங்க ஓய்வூதியமோ உதவித்தொகையோ நிற்கும்போது, ஏன்னு கேட்கிற உரிமை உங்களோடது.