பாடம் அல்ல, ஃபைல்தான் பாரம்

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வகுப்பு எடுப்பதில் சலிப்பே இல்லை. ஆனால் 'நாக்' தர மதிப்பீட்டுக்கான ஃபைல், அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் வேலை, ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப் உத்தரவு... ஞாயிறு சாயங்காலமே வயிற்றைக் கலக்குகிறது. இது நோயா?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் சொல்வது பணிச்சோர்வாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலைப் புதுப்பித்தபோது, பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை, வேலையால் விளைவது என்றே வகைப்படுத்தியது. ஆகவே, 'எனக்குத்தான் மனத்திடம் போதவில்லை' என்று நொந்துகொள்ளாதீர்கள். (மன அழுத்தம் குறைய யோகா வகுப்பு நடத்திவிட்டு, அதற்கும் ஜியோ டேக் போட்டோ கேட்கும் நிர்வாகங்கள் கவனிக்க!)

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரம் 16 மணி நேரம். உங்கள் நேரம் எங்கே போகிறது என்று இரண்டு வாரம் டைரியில் குறித்து வையுங்கள். வகுப்பு, விடைத்தாள், ஃபைல், போன் என்று தனித்தனியாக. அதை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரைப் பாருங்கள். 'முடியாது' என்பதைவிட, 'இந்த நான்கில் எதை முதலில் முடிக்கட்டும் சார்?' என்று கேட்பது எடுபடும். தனியாகப் போனால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

துறை வாட்ஸ்அப் குழுவை இரவு எட்டு மணிக்கு மேல் மியூட்டில் போடுங்கள். அவசரமென்றால் போன் செய்வார்கள்.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், காரணமின்றி அழுகை வந்தால், மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.