மனச்சோர்வு மாத்திரை: எத்தனை காலம் உண்பது?



"மாத்திரை உண்டேன், மனம் தெளிந்துவிட்டது. இனி அது எதற்கு?" என்று ஒருவர் கேட்கிறார். "விட்டுப் பார்த்தேன். நாலே நாளில் தலை சுற்றியது, தூக்கம் போயிற்று, காரணமின்றி அழுகை வந்தது. ஆகவே ஆயுள் முழுவதும் இதுதான் கதி" என்கிறார் மற்றொருவர். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும் பேச்சுகள் இவை. ஆனால், இதே கேள்வியை வைத்துத்தான் மருத்துவ உலகிலும் பெரிய வாதம் நடந்துவருகிறது. அவ்வாதத்தின் இரு பக்கங்களையும் அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. மருந்து வந்த வழி

இம்மருந்துகள் தற்செயலாகக் கிடைத்தவை. 1952ஆம் ஆண்டில் நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவிலே, காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் உற்சாகமாக நடமாடத் தொடங்கினார்கள். 1957ல் சுவிட்சர்லாந்து டாக்டர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதாக அறிவித்தார். 1987 இறுதியில் புளூவாக்சட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பிறகே இவ்வகை மாத்திரைகள் உலகெங்கும் பெருவாரியாகப் பரவின.

2. இரு பக்க வாதம்

மருந்தை ஆதரிப்போர் சொல்வது யாது? 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 522 பரிசோதனைகளில் பங்குகொண்ட 116,477 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஆராய்ந்த 21 மருந்துகளும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் தந்தன. மனச்சோர்வு ஒருவனுடைய தொழிலையும் குடும்பத்தையும், சில வேளை உயிரையுமே பறிக்கக்கூடிய நோய். அதைத் தடுக்கும் மருந்தைத் தூற்றலாகாது என்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தார் கேட்பதும் நியாயமே. "அப்பரிசோதனைகள் பெரும்பாலும் எட்டு வாரக் கணக்கு. மக்களோ ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு உண்கிறார்கள். அதற்குச் சான்று எங்கே?" என்கிறார்கள். சிலருக்கு உடல் எடை கூடுகிறது. இல்லற இச்சை குன்றுகிறது. மருந்தை விட்ட பிறகும் இக்குறை சிலரிடம் நீடிக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து ஆணையகம் 2019ல் எச்சரித்தது. துக்கம் மட்டுமின்றி மகிழ்ச்சியும் மழுங்கிவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். முதியவர்களுக்கு இரத்தத்தில் உப்புச்சத்து குறையலாம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளுடன் சேர்த்து உண்டால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல ஆண்டுகள் மாத்திரை உண்டவருக்கு இருதய நோய் வந்தால், பழி மாத்திரையினுடையதா, பல ஆண்டுகள் உடனிருந்த மனச்சோர்வினுடையதா? குடை பிடித்தவர்களின் காலெல்லாம் நனைந்திருக்கிறது என்பதற்காக, குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்லலாமா? நீண்டகால விளைவு பற்றிய செய்திகளைப் படிக்கும்போது இக்கேள்வியை மறக்கக் கூடாது.

3. பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை

நீண்டகாலம் உண்டவர்களையே நேரில் சோதித்த ஆய்வொன்று 2021ல் வெளிவந்தது. பிரிட்டனில் குடும்ப டாக்டர்களிடம் மருந்து பெற்றுவந்த 478 பேர் அதில் சேர்ந்தார்கள். மருந்தை விட்டுவிடலாம் என்று எண்ணும் அளவுக்கு அவர்கள் நலமாயிருந்தவர்கள். ஒரு பாதியினர் வழக்கம்போல் மருந்தைத் தொடர்ந்தனர். மறு பாதியினருக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்து, வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். தாம் எந்தப் பக்கம் என்பது எவருக்கும் தெரியாது.

ஓராண்டுக்குள், மருந்தை விட்டவர்களில் நூற்றுக்கு 56 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்குத் திரும்பியது.

இக்கணக்கை நிதானமாக எண்ணிப் பாருங்கள். மருந்து பலரைக் காத்தது மெய். ஆனால் மருந்தைத் தொடர்ந்தும் சிலர் நோயுற்றனர். மருந்தை விட்டும் 44 பேர் நலமாயிருந்தனர். "எல்லோரும் ஆயுள் முழுவதும் உண்ண வேண்டும்" என்பதும் தவறு, "எவருக்கும் வேண்டாம்" என்பதும் தவறு என்று இது காட்டுகிறதன்றோ?

4. திரும்பியது நோயா, நிறுத்தத் தொல்லையா?

இப்பாடத்தின் உயிர்நாடி இதுதான். இம்மாத்திரைகள் கள்ளையும் அபினியையும் போல வெறியூட்டுவன அல்ல. ஆயினும் உடல் அவற்றுக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், கெட்ட கனவு, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுருக்கென்று பாய்ந்தாற்போன்ற உணர்ச்சி முதலியன வரலாம்.

2024ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்தை விட்டவர்களில் நூற்றுக்கு 31 பேர் இத்தகைய தொல்லையைக் கூறினர். வெற்று மாத்திரையை விட்டவர்களிலும் 17 பேர் கூறினர். கடுந்தொல்லை சுமார் மூவருக்கே. ஆனால், அவ்வாய்வுகளில் பலர் சில மாதங்களே மருந்து உண்டவர்கள், பல்லாண்டு உண்டவர்களின் கதை வேறு என்று எதிர்ப்பக்கத்தார் வாதிடுகிறார்கள்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நிறுத்தத் தொல்லை பெரும்பாலும் சில நாட்களிலேயே தோன்றும். முன்பு நோயில் இல்லாத புதிய குறிகள் இருக்கும். மருந்தை மீண்டும் உண்டால் விரைவில் அடங்கும். நோயோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில், மெல்ல மெல்லத் திரும்பும். தொடக்கத்தில் நாம் கண்ட இரண்டாமவரின் நாலு நாள் அழுகை, நோயின் மறுவரவு என்று உடனே முடிவு கட்டுவதற்கில்லை. அத்தவறான முடிவாலே ஆண்டுக்கணக்கில் மருந்தைத் தொடர்வோர் உண்டு. நிறுத்தத் தொல்லைதான் என்றெண்ணி, உண்மையாகத் திரும்பிய நோயைக் கவனியாது விடுவோரும் உண்டு.

5. நாம் செய்யத் தக்கவை

தாமாக ஒரு நாளும் நிறுத்தலாகாது. நோன்பு மாதத்தில் மாத்திரை வேளையை மாற்றுவதானாலும் டாக்டரையே கேட்க வேண்டும். முதல் முறை நோயுற்றவர், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடர்வதே வழக்கமான ஆலோசனை. பலமுறை நோயுற்றவருக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படலாம். தொடர்ந்து உண்போர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, "இது இன்னும் வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேட்கட்டும்.

விடுவதென்று முடிவானால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அளவைப் பாதியாக்கினால் மருந்தின் வேலையும் பாதியாகிவிடுவதில்லை; கடைசிச் சிறு அளவுகளை விடும்போதுதான் உடல் அதிகம் தடுமாறும். ஆகவே இறுதிப் படிகளில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். மருந்தோடு பேச்சுவழிச் சிகிச்சையும் பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ, ஒரு கணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க.

வீட்டாருக்கு ஒரு சொல்: "இன்னுமா மாத்திரை?" என்று இடித்துக் கேளாதீர்கள். "நானும் கூட வருகிறேன், டாக்டரிடம் கேட்போம்" என்று சொல்லுங்கள்.

சிந்தனைக்கு

1. பிரிட்டன் சோதனையின் இரு எண்களில் ஒன்றை மட்டும் ஒருவர் எடுத்துச் சொன்னால், கேட்பவர் எவ்வாறு ஏமாறக்கூடும்?

2. நோயின் மறுவரவுக்கும் நிறுத்தத் தொல்லைக்கும் உள்ள மூன்று வேற்றுமைகள் யாவை?

3. மாத்திரை உண்ணும் ஒருவர் அதை மறைக்க வேண்டியிராத வீடாக நம் வீடு இருக்கிறதா?