தீவகத்தை அப்பாவோடு நடந்து பார்க்க

யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நடந்தால் இரண்டு நாள். நயினாதீவையும் நெடுந்தீவையும் சேர்த்தால் நாலைந்து நாள். 1990களின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டு வெளிக்கிட்ட அப்பாவோ அம்மாவோ, கொழும்பிலோ ரொறன்ரோவிலோ வளர்ந்த மகனோ மகளோ முதுகுப்பையோடு சேர்ந்து நடக்க இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் வீட்டிலேயே பேசி முடியுங்கள். வேகத்தைத் தீர்மானிப்பவர் பெற்றவர், சுமையைத் தூக்குபவர் பிள்ளை.

காலம் முக்கியம். தை, மாசி, பங்குனியின் முன்பாதி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை வெயிலில் தார் றோட்டில் கால் வைக்க முடியாது. வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பினால் கடல் குழம்பும், நெடுந்தீவுப் படகு ஓடாமல் நிற்பதும் உண்டு.

புறப்பட ஒரு மாதம் முன்பிருந்தே பெற்றவர் தினமும் நடந்து பழகவேண்டும். போடப்போகும் சப்பாத்தோடுதான் பழகவேண்டும். புதுச் சப்பாத்தில் தீவகம் நடக்க வேண்டாம். அவருடைய பையில் மருந்து, ஒரு போத்தல் தண்ணீர், சால்வை, குடை, மாற்றுடுப்பு ஒன்று. நாலு கிலோவைத் தாண்டவிடாதீர்கள், மிச்சமெல்லாம் பிள்ளையின் பைக்குள். பிரசர் மருந்தும் சீனி வருத்த மருந்தும் பயண நாட்களுக்கு மேலதிகமாக நாலு நாளைக்கு இருக்கட்டும். சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலில் கொப்புளம் வந்தாலும் நோ தெரியாமல் போகலாம். அதனால் ஒவ்வொரு இரவும் அப்பாவின் பாதத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரலிடுக்கு, குதிக்கால் எல்லாம் பார்க்கவேண்டியது பிள்ளையின் வேலை. அவர் கூச்சப்படுவார். விடாமல் பாருங்கள்.

தண்ணீர்தான் தீவகத்தின் பெரும் பிரச்சினை. பல கிணறுகள் சவர். மண்கும்பான், சாட்டிப் பக்கத்து மணலில் நன்னீர் உண்டு, ஆனால் அதை நம்பி வெறும் போத்தலோடு போகாதீர்கள். ஆளுக்கு மூன்று லீற்றர், அதோடு சில ஜீவனிப் பைக்கற்றுகள். கடை கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்த கடை எங்கே என்று கடைக்காரரிடமே கேளுங்கள்.

முதல் நாள் விடிய ஐந்தரைக்குப் பண்ணையில் நில்லுங்கள். பாலத்தில் நிழலே இல்லை, வெயில் ஏறமுன் அதைக் கடக்கவேண்டும். இரு கரையிலும் பரவைக்கடலில் நட்ட களங்கட்டித் தடிகள் தெரியும். மீன் எப்படி உள்ளே போய் எப்படித் திரும்ப வழியில்லாமல் நிற்கும் என்பதை அப்பாவிடம் கேளுங்கள், நடை தானாகச் சீராகும். அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டி மதியத்துக்கு முன் வேலணை. தங்குமிடத்தை முன்கூட்டியே பேசிவைத்தால் பின்னேரம் சாட்டிக் கடலில் காலை நனைக்கலாம். ஊர்காவற்றுறைக்குப் போக விருப்பம் என்றால் ஒரு நாளைக் கூட்டுங்கள். அங்கே துறையில் நின்றால் கடலுக்குள் நிற்கும் கோட்டை தெரியும்.

ஓய்வெடுக்கும் விஷயத்தில் கொஞ்சம் நயம் வேண்டும். “களைச்சிட்டீங்களா?” என்று கேட்டால் எந்த அப்பாவும் இல்லை என்றுதான் சொல்வார். “அப்பா, எனக்குத் தண்ணி விடாய்க்குது, கொஞ்சம் இருப்பம்” என்று சொல்லுங்கள். உடனே இருப்பார்.

இரண்டாம் நாள் வாணர் பாலத்தால் புங்குடுதீவு. உங்கள் வீடு அங்கே இருந்ததென்றால் அரை நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். முதலில் அயலவரிடம் சொல்லிவிட்டு, தடியொன்று கையில் வைத்துக்கொண்டு வளவுக்குள் இறங்குங்கள். பற்றைக்குள் கட்டில்லாத கிணறு இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். கூரை போன சுவருக்குள் நுழையாதீர்கள். வீட்டைப் படமெடுப்பதைவிட, “இந்த வேலிக்கு அங்காலை ஆர் இருந்தவை?” என்று கேட்டு அப்பாவின் குரலைப் போனில் பதியுங்கள். அந்தப் பெயர்கள் வேறெங்கும் எழுதி இருக்காது. அவர் பேசாமல் நின்றால் நீங்களும் நில்லுங்கள். பின்னேரம் குறிகட்டுவானில் படகேறினால் பதினைந்து, இருபது நிமிடத்தில் நயினாதீவு.

மூன்றாம் நாள் கால்களுக்கு ஓய்வு. காலையில் நாகபூஷணி அம்மன் கோயில், பிறகு பக்கத்திலேயே நாகதீப விகாரை. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு இரண்டு இடத்துக்கும் பொருந்தும். ஆண்கள் அம்மன் கோயிலுக்குள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும். மதியம் அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருந்து சாப்பிடுங்கள். ஆனித் திருவிழாக் காலத்தில் படகில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்துதான் படகு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். நேரங்களை முதல் நாளே துறையில் கேட்டு வையுங்கள், அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். இறங்கும் மாவிலித்துறையில் குமுதினிப் படகின் நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று இந்தக் கடலில்தான் அந்தப் படகில் போனவர்களை வெட்டிக் கொன்றார்கள். அந்த நாட்களை அறிந்த பெற்றவர் அதில் நிற்க விரும்புவார்.

பிறகு நடை. தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், முழுவதையும் நடக்க முயலவேண்டாம். ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கு மரம், குதிரைகள் மேயும் வெளி போதும். வழிநெடுக மதில்கள், சாந்தே இல்லாமல் முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியவை. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பூப்போன்ற துளைகள் தெரியும். விளிம்பு கையை வெட்டும், சாயாதீர்கள். குதிரைகளுக்குத் தீனி நீட்டவும் வேண்டாம். களைத்தால் ஓட்டோ பிடியுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நெடுந்தீவில் ஓர் இரவு தங்குவதே நல்லது. திரும்பும்போது கடைசிப் படகை நம்பாமல் காலைப் படகிலேயே ஏறிவிடுங்கள். அது தவறினாலும் பின்னேரத்துக்கு இன்னொன்று மிச்சம் இருக்கும்.