கூரையைக் கீழே இழுத்துக் கட்டுங்கள்

கொட்டகையைக் காற்று தள்ளிச் சாய்க்கிறது என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். 2018 நவம்பர் 16 விடியலில், கஜா புயல் கடந்துபோன பிறகு பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தோப்புகளைச் சுற்றி வந்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும். எத்தனையோ கொட்டகைகளின் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன, கூரையைத்தான் காணோம். தகரங்கள் அடுத்த வயலில் சேற்றில் செருகிக் கிடந்தன. காற்று அவற்றைத் தள்ளவில்லை, தூக்கியிருக்கிறது.

கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்று தகரத்தை மேல்நோக்கி உறிஞ்சும். முன்பக்கம் திறந்த மாட்டுக் கொட்டகையாக இருந்தால் உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து முட்டும். குடை மடங்கி மேலே திரும்புவது போலத்தான் இது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ என்றால், 120 கிலோமீட்டரில் அது 68 கிலோ. பத்தடி நீளம், மூன்றரை அடி அகலமுள்ள ஒரு தகரத்தின் மேல் 200 கிலோவுக்கு மேல் இழுவிசை வரும். தகரத்தின் எடையோ பதினைந்து கிலோ அளவுதான். அப்படியிருக்க, கூரைமேல் நாலு செங்கல்லும் மணல் மூட்டையும் பழைய டயரும் வைத்து என்ன ஆகப் போகிறது? ஆடிக் காற்றுக்கு அது போதும். புயலில் அந்தச் செங்கல்லே பறந்துபோய் ஆளை அடிக்கும்.

ஆகவே பாரம் ஏற்றுவதை விட்டுவிட்டு, கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். தகரத்தைப் பிடிப்பது குறுக்குச் சட்டம், சட்டத்தைப் பிடிப்பது விட்டம், விட்டத்தைப் பிடிப்பது கால், காலைப் பிடிப்பது மண். இந்த வரிசையில் எந்த இணைப்பு இளைத்திருக்கிறதோ அங்கேதான் பிய்யும். புயலுக்குப் பிறகு எங்கள் கொட்டகையைத் திரும்பக் கட்டியபோது வெல்டர் தம்பி, "அண்ணே, ஒரு ஷீட்டுக்கு இத்தனை ஸ்க்ரூவா? காசுக்குக் கேடு" என்றார். நான் விடவில்லை. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் மோட்டிலும்தான் இழுவிசை அதிகம். அந்த இடங்களில் தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு திருகு. நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். ரப்பர் வாஷர் அகலமாக இருக்க வேண்டும். சின்னத் தலையுள்ள ஆணி அப்படியே நிற்கும், தகரம் மட்டும் கிழிந்துகொண்டு போகும். மரச் சட்டமென்றால் ஆணியை நம்பவே வேண்டாம். ஜே போல்ட் போட்டுச் சட்டத்தைச் சுற்றிப் பிடிக்க வையுங்கள்.

இறவாணத்தை நீளமாக இழுத்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. சாரல் அடிக்காது, நிழலும் கிடைக்கும் என்பார்கள். ஒன்றரை அடிக்கு மேல் நீட்டிய இறவாணம் காற்றுக்குக் கைப்பிடி கொடுத்த கணக்குத்தான். நிழல் வேண்டுமென்றால் கூரையோடு சேராத தனிப் பந்தலாகப் போட்டுக்கொள்ளுங்கள். போனால் அது மட்டும் போகும். புதிதாகக் கட்டுகிறவர்கள் இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கமும் சரியும் கூரையாகப் போடுவது நல்லது. செலவு கொஞ்சம் கூடும், ஆனால் எந்தத் திசைக் காற்றுக்கும் அது தாக்குப்பிடிக்கும்.

கால் விஷயத்தில்தான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். புயல் வருவது ஐப்பசி, கார்த்திகையில். அதற்குள் மழையில் மண் ஊறித் தளர்ந்திருக்கும். ஒன்றரை அடிக் குழியில் மணலைத் தள்ளி நட்ட கால் அந்த ஈரத்தில் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். மூன்றடி ஆழமாவது வேண்டும். குழியின் அடியை வாயைவிட அகலமாக வெட்டி, காலின் அடியில் ஒரு கம்பியையோ கட்டையையோ குறுக்கே கொடுத்து, கான்கிரீட் போட வேண்டும். சவுக்குக் கம்போ ஜி.ஐ. பைப்போ எதுவானாலும் இதுதான் முறை.

கஜாவில் முதலில் வாடைக் காற்றாக வடக்கிலிருந்து அடித்தது. பிறகு சட்டென்று ஓய்ந்தது. புயலின் கண் மேலே கடக்கிற நேரம் அது. போய்விட்டது என்று நினைத்து மாட்டைப் பார்க்க வெளியே வந்தவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. வடக்குக் காற்றுக்குத் தாங்கி ஆடிப்போய் நின்ற கொட்டகைகள் பலவும் அந்த இரண்டாவது அடியில்தான் விழுந்தன. அதனால் முட்டுக் கொடுப்பதை ஒரு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். காலுக்கும் விட்டத்துக்கும் நடுவே சாய்வாகப் போடும் முட்டு நாலு திசைக்கும் இருக்க வேண்டும். 1977 புயலைப் பார்த்த பெரியவர்களும் இதே சேதியைத்தான் சொல்வார்கள்: திரும்புகிற காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

கீற்றுக் கொட்டகை என்றால் கடலோர மீனவர் வீடுகளைப் பாருங்கள். பழைய வலையைக் கூரைமேல் விரித்து, ஓரங்களைக் கயிற்றால் இழுத்து, தரையில் அடித்த முளையில் கட்டியிருப்பார்கள். வைக்கோல் போருக்கும் இதுவே சிறந்த வழி. தார்ப்பாயை மட்டும் போர்த்தினால், ஒரு முனை அவிழ்ந்ததும் அது படகுப் பாயாக மாறி மொத்தப் போரையும் இழுத்துப்போகும். தார்ப்பாயின் மேலே வலை போட்டுவிட்டால் கவலையில்லை. பச்சை நிழல்வலைப் பந்தல் போட்டிருப்பவர்கள் புயலுக்கு முந்தின நாளே வலையைக் கழற்றிச் சுருட்டிவிட வேண்டும். வலை இல்லாத சட்டத்தைக் காற்று அவ்வளவாக ஒன்றும் செய்யாது.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதிலைவிட மரவேலிதான் காற்றை அடக்கும். மதிலில் மோதிய காற்று தாண்டிக் குதித்துச் சுழலும். சவுக்கோ மூங்கிலோ பூவரசோ வரிசையாக நின்றால் பாதியைச் சலித்து உள்ளே விடும். பதினைந்தடி உயர வேலி அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்றைத் தணிக்கும். ஆனால் நடுவில் வழிக்காக இடைவெளி விட்டால், அந்த இடைவெளியில் காற்று இன்னும் வேகமாகப் பாயும். அதற்கு நேரே கோழிக்கூண்டை வைக்காதீர்கள். தென்னைக்குப் பக்கத்திலும் கொட்டகை வேண்டாம். கஜாவில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்ததை நாடே பார்த்தது. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது தள்ளிக் கட்ட இடமில்லை என்றால், கொட்டகையை நகர்த்துவதா மரத்தை எடுப்பதா என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எனக்குத் தென்னையை வெட்ட மனம் வரவில்லை, கொட்டகையை நகர்த்தினேன். முருங்கையின் கிளையை மட்டும் புரட்டாசியிலேயே கழித்துவிடுவேன்.

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் உருண்டு பறக்கும். புயல் அறிவிப்பு வந்ததும் நிரப்பிவிட்டால் 500 லிட்டர் தொட்டி 500 கிலோ கனத்தோடு உட்கார்ந்திருக்கும். கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. நிரப்பி வைத்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் உடனே உதவியது.

எவ்வளவு பலமாகக் கட்டியிருந்தாலும் புயல் இரவில் மாட்டைக் கொட்டகைக்குள் கட்டிப் போடாதீர்கள். கூரை விழுந்து, கயிறு இறுகித் தப்ப முடியாமல் செத்த மாடுகளை எங்கள் ஊரில் பார்த்தோம். மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டு நிலத்துக்கு ஓட்டி, கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மாடு தானே ஒதுங்கிக்கொள்ளும்.

திருகு முடுக்குவது, துருப்பிடித்த கம்பியை மாற்றுவது எல்லாம் புரட்டாசி வெயிலிலேயே முடியட்டும். புயல் அறிவிப்பு வந்தபிறகு யாரும் கூரைமேல் ஏற வேண்டாம்.